பசிக்காத விரால்

அண்ணன் பாரிசிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியைத் திறப்பது என் மனைவியின் உரிமை. சாக்லேட், சீஸ், வாசனை சோப்பு, எனக்கு ஒரு ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைப்பாள். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் அவர் வந்தபோது, பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. சோம்பு வாசனை அடித்தது. மிட்டாய் என்று நினைத்துப் பிரித்தவள் "ஐயோ!" என்று தூக்கிப் போட்டாள். உள்ளே பழுப்பும் பச்சையுமாகப் பத்துப் பன்னிரண்டு புழுக்கள். தரையில் விழுந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தன.

"ரப்பர் புழும்மா. பயப்படாதே. விரால் பிடிக்கக் கொண்டாந்தேன்," என்றார் அண்ணன்.

"தோட்டத்துல ஒரு வெட்டு வெட்டினா கை நிறையப் புழு வருமே மாமா. இதுக்கா காசு குடுத்தீங்க?"

அண்ணன் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை நான் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். இருவரும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தாங்களாகவே முடிவு செய்யலாம். அண்ணனுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். இப்படி ஒரே வீட்டில் இரண்டு தேசம் ஆகிப்போன குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

அண்ணன் கப்பலேறினார், பட்டாளத்தில் சேர்ந்தார், 'சொல்தா' ஆனார். இப்போது 'ரெத்ரேத்' வாங்கிக்கொண்டு, பாரிசுக்கு வெளியே மார்ன் நதிக்கரையில் தூண்டிலோடு பொழுதைக் கழிக்கிறார். நான் 'பிரெவே' பாஸ் செய்துவிட்டு, ஆங்கிலத்தில் நோட்டு எழுதத் தெரியாமல் அரசு குமாஸ்தா வேலையில் சேர்ந்து, திட்டு வாங்கி வாங்கியே ஆங்கிலம் கற்று ஓய்வு பெற்றேன். மகள் ஏற்காட்டில் ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு நாங்களும் அவளோடு மலைக்கு வந்துவிட்டோம். இதெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் தூண்டில் சொல்லிக் கொடுத்தது ஊசுட்டேரி. மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. விராலுக்கு மட்டும் தவளை. உயிருள்ள சின்னத் தவளையை முள்ளில் கோத்துப் பாசி மேல் தத்தித் தத்தி இழுப்போம். விரால் பாசியைக் கிழித்துக்கொண்டு வந்து விழுங்கும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற கதைதான். இதில் ஒன்றும் புதுமை இல்லை. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

ஏற்காட்டில் எங்கே மீன் பிடிப்பது என்று கேட்பீர்கள். ஏற்காடு ஏரி படகுக்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும். நிரம்பி வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியாகக் கீழே விழுகிறது. நான் அங்கே வேடிக்கை பார்க்க மட்டும்தான் போவேன். நாங்கள் போனது மலைக்குக் கீழே. சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுள்ள சாலைதான் தெரியும். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்குகிற இன்னொரு மலைச்சாலையும் இருக்கிறது. அந்த அடிவாரத்தில் மருமகனுக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் நிலத்தில் ஒரு குட்டை. மலை ஓடைத் தண்ணீர் வந்து தேங்கும். ஓரமெல்லாம் சம்பு, ஒரு மூலையில் அல்லி. "பிடிச்சுக்கங்க சார், ஆனா அங்க இருக்கிற விரால் ஒண்ணும் கடிக்காது. பசங்க போட்டுப் போட்டு எல்லாத்துக்கும் புத்தி வந்துடுச்சு," என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. முதல் மூன்று நாள் நான் என் வழியில் தவளை போட்டேன். விரால் வந்தது, பின்னாலேயே ஒரு முழம் தொடர்ந்தது, நின்று பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. சனிக்கிழமைதோறும் சேலத்துப் பையன்கள் வந்து சத்தமாகப் பெரிய ரப்பர் தவளைகளை வீசிவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை முள் குத்திய மீன் அதே உருவத்தை மறுபடி நம்புமா?

அண்ணன் அந்த மூன்று நாளும் தூண்டிலைத் தொடவே இல்லை. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று நாலாம் நாள்தான் புரிந்தது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றைப் பிடித்துச் சுவாசிக்கிற தனி அறை உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது மேலே வந்து வாயால் காற்று வாங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் சாகும். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு குமிழ். அண்ணன் அந்தக் குமிழ்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் வருகிறது, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வருகிறது, போகும்போது எந்தப் பக்கம் வால் திரும்புகிறது என்று.

அதன் பிறகுதான் ரப்பர் புழு வெளியே வந்தது. மூன்று அங்குல நீளம். இந்த மென்மையான பிளாஸ்டிக் புழுவை முதன்முதலில் செய்து விற்றவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நிக் க்ரீம் என்பவர், 1949-இல். வீட்டு அடுப்படியில் மனைவியோடு சேர்ந்து காய்ச்சி வார்த்தாராம். பிரெஞ்சில் இப்படிப்பட்ட போலி இரைக்கு 'லேர்' என்று பெயர்; ஏமாற்று என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. அண்ணனின் சாமான் எல்லாமே மெல்லிசு. விரல் தடிமன் ராடு, தையல் நூல் போலப் பின்னிய நூல், கடைசி இரண்டு முழம் மட்டும் தண்ணீருக்குள் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பு. ஈயக்குண்டு கிடையாது. முள்ளின் கூர் வெளியே தெரியாமல் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருக்கும். பாசியில் மாட்டாது, மீன் கடித்தால் மட்டும் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். நுனிக்குக் கீழே திரும்பி நிற்குமே ஒரு சின்னப் பல், அதை இடுக்கியால் நசுக்கி விட்டிருந்தார். "வேணாம்னா வாய் கிழியாம கழட்டி விடலாம்," என்றார்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நிற்காதே, உட்கார். உன் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்கார். கரையில் தடதடவென்று நடக்காதே. மீனின் விலாவில் ஓடுகிற கோடுதான் அதற்குக் காது மாதிரி, நீ வைக்கிற அடி அதற்குத் தெரியும். மீன் தலையில் போடாதே, அதைத் தாண்டிப் போடு. போட்டபின் இழுக்காதே.

"எவ்வளவு நேரம்?"

"வட்டம் அடங்கற வரைக்கும்."

புழு விழுந்த இடத்திலிருந்து கிளம்புகிற வட்ட அலை கரையைத் தொட்டு முற்றிலும் அடங்க வேண்டும். அதன் பிறகு இன்னும் இருபது எண்ண வேண்டும். பிறகு ராடின் நுனியை ஒரு விரற்கடை அசைக்க வேண்டும். அவ்வளவுதான். மறுபடி இருபது. சொல்லும்போது சுலபம். முப்பத்தைந்து வருடம் 'உடனே ஏற்பாடு செய்க' என்று பென்சிலில் எழுதிய காகிதங்களோடு வாழ்ந்த எனக்கு, இருபது வரை எண்ணுவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டிலேயே கை துடிக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு கொக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று தமிழ் வாத்தியார் மூதுரையில் சொல்லிக்கொடுத்த கொக்கு. சின்ன மீனையெல்லாம் போகவிட்டுப் பெரிய மீனுக்காக வாடி நிற்கும் அது, பொறுமைக்கு உதாரணம். இன்னொன்று லா ஃபோந்தேன் கதையில் வரும் நாரை. ஆற்றோரம் கெண்டையும் 'ப்ரோஷே'வும் துள்ளி விளையாடுவதைப் பார்த்தும், பசிக்கட்டும் என்று விட்டுவிடும். பிறகு வருகிற சின்ன மீன்களெல்லாம் தனக்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கும். கடைசியில் பசி தாங்காமல் ஒரு நத்தை கிடைத்ததே போதும் என்று ஆகிவிடும். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரு மணி நேர இடைவெளியில், ஒரு வாத்தியார் காத்திரு என்றார், இன்னொருவர் காத்திருந்தால் நத்தைதான் என்றார். எது சரி என்று அண்ணனைக் கேட்டேன்.

"ரெண்டும் சரிதான் தம்பி. அந்த நாரைக்கு கர்வம். நம்ம கொக்குக்கு வேலையே அதுதான். இப்ப பேசாதே."

அன்று மாலை நாலரை மணிக்கு என் நூல் பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்தது. வெடுக்கென்ற இழுப்பெல்லாம் இல்லை. யாரோ ஒரு காகிதத்தை மேசையில் என்னிடமிருந்து தள்ளுவது போல. "இப்ப," என்றார் அண்ணன். தூக்கினேன். ஒன்றேகால் கிலோ விரால். ஒருவரையும் நம்பாத மீன், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த என்னை நம்பியது. வீட்டில் குழம்பு. என் மனைவி ரப்பர் புழுவை மன்னித்துவிட்டாள்.

இதோடு முடித்திருந்தால் நல்ல மீன் கதை. ஆனால் அடுத்த வாரம் ஒன்று நடந்தது.

இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. அண்ணன் புளியமரத்தடியில் அசந்து தூங்கிவிட்டார். நான் மட்டும் குட்டையின் மறுபக்கம் போனேன். சம்புக்கு நடுவே தண்ணீர் மேல் ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குச் செக்கச் செவேலென்று ஏதோ தெரிந்தது. தூறல் விழுவது போல அந்த இடம் மட்டும் பொடிப்பொடியாகக் கொதித்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், செம்மஞ்சள் நிறத்தில், ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்து காற்று வாங்கிவிட்டு ஒன்றாகக் கீழே போயின.

அதற்குக் கீழே பெரியது நிற்கும் என்று எனக்குத் தெரியும். விரால் சம்பை ஒதுக்கி இடம் பண்ணி முட்டையிடும். முட்டை மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு சில வாரம் பெற்றது குஞ்சுகளின் அடியிலேயே காவலாகத் திரியும். பாம்பு வந்தாலும் தவளை வந்தாலும் முட்டித் தள்ளும். ஊசுட்டேரியில் சிறுவனாக இருந்தபோதே இது தெரியும்.

நான் வட்டம் அடங்கக் காத்திருக்கவில்லை. இருபது எண்ணவில்லை. அந்தச் சிவப்புக்கு நட்டநடுவில் புழுவைப் போட்டேன். முதல் தடவை அது புழுவை மூக்கால் இடித்து ஒதுக்கியது. இரண்டாம் தடவை போட்டேன். தண்ணீர் வெடித்தது.

இரண்டு கிலோவுக்குக் குறையாது. கரையில் புரண்டு அடித்தது. "அண்ணா!" என்று கத்தினேன். அந்த வயதில் அப்படி ஒரு கத்தல். அவர் எழுந்து வந்தார். மீனைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புத் தட்டு உடைந்து நாலா பக்கமும் சிதறியிருந்தது. உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைகள் ஓரத்திலிருந்து பாய்ந்து பாய்ந்து வந்தன. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சில சிவப்புப் புள்ளிகள் காணாமல் போயின.

"விட்டுடு," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

கையை நனைத்துக்கொண்டு அவரே முள்ளைக் கழற்றினார். பல் நசுக்கிய முள், சட்டென்று வந்துவிட்டது. பிடித்த இடத்திலேயே தண்ணீரில் விட்டார். மீன் போய்விட்டது. நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு சம்போரம் சிவப்பு மறுபடி கூடியது. முன்பு தாம்பாளம், இப்போது ஒரு டிபன் தட்டு அளவு. அதன் கீழே ஒரு பெரிய குமிழ் வந்தது. அதே மீன்தானா, ஜோடியில் மற்றொன்றா, தெரியாது.

பிரான்சில் ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் ஏப்ரல் கடைசி வரை ப்ரோஷே பிடிக்கத் தடை. அந்த நாட்களில் அது இருக்கிற பெரும்பாலான நீர்நிலைகளில் இப்படிப்பட்ட போலி இரையையே போடக்கூடாது. அங்கே 'சாந்த்ர்' என்று ஒரு மீன், விராலைவிடச் சந்தேகப் பிராணி. அதில் ஆண்தான் முட்டைக்குக் காவல் நிற்குமாம். கூட்டின் மேல் எது விழுந்தாலும் கடிக்குமாம். இதையெல்லாம் அண்ணன் காரில் திரும்பும்போது சொன்னார். கொட்டச்சேடு தாண்டும் வரை மறுபடி பேசவில்லை. பிறகு சொன்னார்:

"பசிக்குக் கடிச்சா அது உன் சாமர்த்தியம், தம்பி. அந்த மீனுக்குப் பசியே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவை அப்படித்தானே பிடிச்சாங்க," என்றார்.

எனக்குப் புரிந்தது. அண்ணனைக் கப்பலேற்ற அப்பாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஊசுட்டேரிப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம். அப்பா லேசில் ஏமாறுகிறவர் அல்ல; மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார். ஆனால் வாங்க வந்த பெரிய மனிதர் பேரமே பேசவில்லை. "பையன் எப்போ கெளம்புறான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாதி விலை சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டார். அறுபது வருடத்தில் அண்ணன் அதைப் பற்றி என்னிடம் பேசியது அன்று ஒருமுறைதான். அந்தப் பணத்தில் போனவர் அவர். அதனால்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் அப்பாவை நினைத்தார். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், என் வயதில் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேலையில் இருந்த காலத்தில் சில வருடம், சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற மேசை என்னுடையது. ஜூன் மாதம் வந்தால் அப்பாமார்கள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில், கல்லூரியில் சேர்க்கக் கடைசித் தேதி. மற்ற மாதங்களில் நிலத்துக்கும் வீட்டுக்கும் வருகிற அதே மனிதர்கள் சட்டம் பேசுவார்கள், மேலதிகாரியிடம் போவேன் என்பார்கள். ஜூனில் யாரும் சட்டம் பேசமாட்டார்கள். நான் வாய் திறந்து காசு கேட்டதே இல்லை. "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்வேன். இரண்டாம் முறை "நாளைக்கு வாங்க" என்றால், மூன்றாம் முறை ஃபைலுக்குள் மடித்த நோட்டு இருக்கும். ஒரே ஒரு முறைதான் நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு முறை இல்லை.

கேட்காமல் கொடுத்தார்கள் என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விராலும் நான் கேட்காமல்தான் கடித்தது.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் தூண்டிலும் கையுமாகத் திரிந்தால் தடுக்காதீர்கள். நல்ல பழக்கம், செல்போனைக் கீழே வைப்பார்கள், சும்மா உட்காரக் கற்றுக்கொள்வார்கள். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் சிவப்பாகக் கொதிப்பதைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடச் சொல்லுங்கள். அங்கே பிடிக்கிறதற்குத் திறமை வேண்டாம்.

மிச்சமிருந்த புழுக்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இன்னும் சோம்பு வாசனை போகவில்லை. குட்டைக்காரரிடம் சொல்லி, ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்தச் சம்போரம் பையன்களை விடாமல் பார்த்துக்கொள்கிறோம். அவர் கேட்கிறார், பையன்கள்தான் சில நேரம் கேட்பதில்லை.

அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறார். போன வாரம் பண்ணியபோது என் மூட்டுவலியைக் கேட்பதற்கு முன்பே கேட்டார்:

"மழை வந்துச்சா? குஞ்சு பொரிச்சிருக்கா?"

பொரித்திருக்கிறது. இந்த முறை இரண்டு கூட்டம்.